எப்படி அடிபட்டுச்சு?

கள்ளக்குறிச்சி வட்டாரத்தில் கையைக் காலைக் கிழித்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போன யாரும், எப்படிக் கிழிந்தது என்று கேட்டதற்கு முதல் தடவையே உண்மையைச் சொன்னதாக எனக்கு நினைவில்லை. மலையிலிருந்து இறங்கி வந்தவர்கள் ஒரு தினுசாகச் சொன்னார்கள், ஊருக்குள் இருந்தவர்கள் இன்னொரு தினுசாகச் சொன்னார்கள். இதற்கிடையில் எங்கள் மாவட்டத்தின் பெயரே இரண்டு தடவை மாறிவிட்டது. நான் பிறந்தபோது தென்னார்க்காடு, 1993-ல் விழுப்புரம், 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி. வீட்டைக் காலி பண்ணாமலே மூன்று மாவட்டங்களில் குடியிருந்தாகிவிட்டது. மருந்து மாறியது, ஊசி மாறியது, கட்டடம் மாறியது. பொய்யும் மாறியது. ஆனால் அது மாறிய விதம் வேறு.

அப்பாவுக்குக் கல்வராயன் மலையில் வேலை. பழங்குடிப் பிள்ளைகளுக்கான அரசு உண்டு உறைவிடப் பள்ளியில் வாத்தியார். நாங்கள் குடியிருந்தது அடிவாரத்தில். எண்பதுகளின் தொடக்கத்தில் அந்த ஊரில் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருந்தது. பெயர் வேண்டாம். ஓட்டுக் கட்டடம், முன்னால் வேப்பமரம், மரத்தடியில் ஒரு கல் பெஞ்சு. பார்வை நேரம் என்று பலகையில் எழுதியிருந்த நேரத்தில் டாக்டர் இருந்து நான் பார்த்ததில்லை. அவர் வருவதற்கு பஸ் வரவேண்டும், பஸ் வருவதற்கு அதன் மனசு வரவேண்டும். ஆனால் கம்பவுண்டர் எப்போதும் இருந்தார். எங்களுக்கு அவர்தான் டாக்டர், நர்ஸ், மருந்துக்கடை எல்லாம். சில நாட்களில் நீதிபதியும் அவரே.

அவர் மேஜையில் இருந்தவற்றை ஒரு மூச்சில் சொல்லிவிடலாம். பர்மாங்கனேட் கரைத்த ஊதாத் தண்ணீர், டிங்சர் அயோடின், ஊரே சிவப்பு மருந்து என்று அழைத்த மெர்குரோகுரோம், சல்ஃபா பொடி, பெரிய ஜாடி நிறைய மிக்சர். மிக்சர் வேண்டுமென்றால் பாட்டில் நாம்தான் கொண்டுபோக வேண்டும். அதனால் எங்கள் வீட்டு மிக்சருக்கு எப்போதும் விளக்கெண்ணெய் வாசம் இருந்தது. கண்ணாடி சிரிஞ்சையும் ஊசியையும் ஸ்டவ்வில் வைத்துக் கொதிக்க வைப்பார். வரிசையில் இருந்த எல்லோருக்கும் அதே சிரிஞ்சுதான், நடுவில் ஒரு கொதி. செப்டிக் ஊசி போட்ட கை இரண்டு நாளைக்குத் தூக்க வராது. மெர்குரோகுரோமில் பாதரசம் இருக்கிறது என்பதும், பாதுகாப்பானது என்று ஒப்புக்கொள்ளப்படாத மருந்துகளோடு அதை 1998-ல் அமெரிக்கா சேர்த்துவிட்டது என்பதும் பின்னால் படித்துத் தெரிந்துகொண்டவை. அன்றைக்கு இரண்டு முழங்காலிலும் சிவப்பு மருந்தோடு வகுப்புக்குள் நுழைகிறவனுக்கு இருந்த மரியாதை, முதல் மார்க் வாங்குகிறவனுக்கு இல்லை.

கம்பவுண்டர் டிங்சரில் பஞ்சைத் தோய்த்துக் கையில் வைத்துக்கொண்டுதான் விசாரணையைத் தொடங்குவார். பதில் சரியில்லை என்றால் பஞ்சு அழுந்தும்.

“எப்படி அடிபட்டுச்சு?”

“முள்ளு கிழிச்சிடுச்சுங்க.”

“முள்ளுக்கு ரெண்டு கோரைப்பல்லு இருந்துச்சா?”

நாய் கடித்ததை மறைப்பதற்கு அன்றைக்கு நியாயமான காரணம் இருந்தது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி. அந்த மருந்தை ஆட்டு மூளையிலிருந்து தயாரித்தார்கள். தமிழ்நாட்டில் அது குன்னூர் பாஸ்டர் நிறுவனத்தில் தயாரானது. ஒவ்வொரு நாளும் வயிற்றைக் காட்டிக்கொண்டு போய் நிற்க வேண்டும். ஒரு நாள் தவறக்கூடாது. தெருவில் யாராவது சட்டையைத் தூக்கி வயிற்றைத் தடவிக்கொண்டு நடந்தால், அவனை எந்த நாய் கடித்தது என்று பிள்ளைகளுக்குத் தெரியும். ஊசிக்குப் பயந்து கடியை மறைத்தார்கள். வீட்டில் மிளகாய்ப் பொடியும் சுண்ணாம்பும் வைத்துக் கட்டினார்கள். வெறிநோய்க்கு மருந்து கிடையாது, வருமுன் தடுக்கத்தான் முடியும் என்று கம்பவுண்டர் கத்துவார். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் அவர் பஞ்சை மேஜையில் வைத்துவிட்டுப் பேசுவார்.

ஆனால் மலையிலிருந்து வந்தவர்கள் சொன்ன பொய்கள்தான் எனக்கு இன்றும் பிடித்தவை. அவற்றில் ஓர் ஒழுங்கு இருந்தது. எந்தக் காயமானாலும் பதில் ஒன்றே: “மரத்துலேர்ந்து விழுந்துட்டேனுங்க.” கம்பவுண்டர் அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொள்வார். அந்த நோட்டை மட்டும் படிக்கிறவன், கல்வராயன் மலையில் ஒருத்தனுக்கும் மரமேறத் தெரியாது என்று முடிவு கட்டியிருப்பான். தேனெடுக்கவும் பலா பறிக்கவும் கடுக்காய் உலுக்கவும் நடக்கப் பழகிய நாளிலிருந்தே ஏறுகிறவர்கள் அவர்கள்!

உள்ளங்கையிலிருந்து முழங்கை வரை வெந்து வந்தவர் மரத்திலிருந்து விழுந்திருந்தார். கெண்டைக்காலில் சின்னச் சின்னத் துளைகளோடு வந்தவரும் மரத்திலிருந்துதான். காட்டுப்பன்றிக்கு வைத்த அவுட்டுக்காய் கையிலேயே வெடித்து இரண்டு விரல் போன ஒருவர் கொஞ்சம் கற்பனை உள்ளவர். பட்டாசு வெடித்தது என்றார். அது மாசி மாதம். கம்பவுண்டர் நாட்காட்டியைத் திரும்பிப் பார்த்தாரே தவிர வேறொன்றும் கேட்கவில்லை. எழுதினார்: பட்டாசு.

இதைக் கேட்டுச் சிரிப்பதற்கு முன்னால் அந்த மலையைப் பற்றிக் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். சடையக் கவுண்டர், குரும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகிர்களாக இருந்த மலை அது. நாடு சுதந்திரம் அடைந்து கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஜாகிர்தார்களின் பிடியில் இருந்து, 1976-ல்தான் முழுசாக அரசாங்கத்தின் கைக்கு வந்தது. வந்த அரசாங்கம் எந்த உடுப்பில் வந்தது என்று பாருங்கள். முதலில் காக்கி. காட்டில் விறகு வெட்டினால் வனத்துறை வழக்கு, ஊறல் போட்டால் மதுவிலக்கு வழக்கு, பன்றி சுட்டால் இரண்டு துறையும் சேர்ந்து வழக்கு. சாமை விதைத்த நிலத்துக்கே பலரிடம் சீட்டு கிடையாது. இப்படிப்பட்ட இடத்தில் ஒருத்தன் உடம்பில் ஒரு கீறல் விழுந்தால் அது பாதி வழக்கு. ஆஸ்பத்திரிக்காரன் பேனாவைத் திறந்துகொண்டு எப்படி என்று கேட்டால், மீதிப் பாதியையும் நாமே எழுதிக் கொடுக்க வேண்டுமா?

மலைமக்கள் ஆஸ்பத்திரிக்கு வராததற்கு அறியாமைதான் காரணம் என்று கருத்தரங்குகளில் பேசுகிறார்கள். நான் அதை ஒப்புக்கொள்வதில்லை. அவர்கள் எலும்புமுறிவுக்கு நாட்டு வைத்தியரிடம் போனார்கள். அவர் முட்டை வெள்ளைக்கருவில் உளுந்து மாவைக் குழைத்துப் பூசி, மூங்கில் தப்பை வைத்துக் கட்டினார். கோணலாகக் கூடிய கைகளும் உண்டு, நேராகக் கூடியவையும் உண்டு. ஆனால் அவர் கேட்ட கேள்வி ஒன்றே ஒன்று: “எப்ப?” எப்படி என்று அவர் கேட்டதே இல்லை. எழுதிவைக்க அவரிடம் நோட்டும் இல்லை. வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிப் பிழிந்துகொண்டவர்களுக்கும் அதே வசதிதான், செடி யாரையும் எதுவும் கேட்பதில்லை. வைத்தியம் எது உசத்தி என்ற வாதமெல்லாம் அப்புறம். கேள்வி கேட்காத இடத்துக்கு மனுஷன் முதலில் போகிறான்.

கேள்விக்குத் தப்பியவர்கள் தூரத்துக்குத் தப்பவில்லை. கட்டிலையோ கம்பளியையோ கம்பில் கட்டி டோலியாக்கி, நாலு பேர் மாற்றி மாற்றிச் சுமந்து இறங்குவார்கள். மேலே விழுந்தபோது சின்னதாக இருந்த வெட்டு, கீழே வந்து சேர்வதற்குள் வீங்கி, சீழ் கட்டி, காய்ச்சலையும் கூட்டிக்கொண்டு வரும். கம்பவுண்டர் அதைப் பார்த்துவிட்டுச் சேலம் என்பார், அல்லது பாண்டிச்சேரி ஜிப்மர் என்பார். நாலு பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்ப்பார்கள். சேலத்துக்கு டோலி கட்ட முடியாது.

இனி இந்தக் காலம்.

2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் 108 ஆம்புலன்ஸ் ஓடத் தொடங்கியது. மலைக்குச் சாலைகள் ஏறின. எல்லா ஊருக்கும் இல்லை, டோலி இன்னும் முழுசாக ஓய்வு பெறவில்லை. 2022 ஜனவரி 12 அன்று ஒரே நாளில் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகளைக் காணொலியில் திறந்துவைத்தார் பிரதமர். அதில் ஒன்று எங்களுடையது, சிறுவங்கூரில். சேலத்தையும் ஜிப்மரையும் நோக்கிக் கைகாட்டியே பழகிய ஊருக்குச் சொந்தமாக ஒரு பெரியாஸ்பத்திரி. திறந்த புதிதில் என் சித்தப்பா, உடம்புக்கு ஒன்றுமில்லாமலே ஒரு தடவை போய்ப் பார்த்துவிட்டு வந்தார். லிஃப்ட் இருக்கிறது என்றார்.

நாய்க்கடிக்கு இப்போது தொப்புளுக்கு வேலையில்லை. ஆட்டு மூளை மருந்தை நாடு முழுவதும் 2004 முடிவோடு நிறுத்திவிட்டார்கள். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவச் சொல்கிறார்கள். பிறகு தோள் பக்கத்தில் தோலுக்குள் மெல்லிய ஊசி. அன்றைக்கும், மூன்றாம் நாளும், ஏழாம் நாளும், இருபத்தெட்டாம் நாளும். ஆழமான கடி என்றால் காயத்தைச் சுற்றி இன்னொரு மருந்து. பயம் போனதும் பொய்யும் போய்விட்டது. இப்போது நாய் நகம் பட்டதற்கே ஓடி வருகிறார்கள். சிலர் நாயின் போட்டோவோடு வருகிறார்கள். கம்பவுண்டர் இருந்து பார்த்திருந்தால் கண் கலங்கியிருப்பார்.

மற்றக் காயங்களில் நடந்ததுதான் வேடிக்கை. அன்று மறைப்பதற்காகப் பொய் சொன்னவர்களின் பிள்ளைகள், இன்று வாங்குவதற்காகப் பொய் சொல்கிறார்கள். ஓ.பி. சீட்டு, டோக்கன், கணினியில் பதிவு எல்லாம் முடிந்து கட்டுப் போடும் அறைக்கு வருகிறார் ஒரு இளைஞர். கையெல்லாம் சிராய்ப்பு. முதல் கேள்வியை அவரே கேட்கிறார்: “சார், ஏ.ஆர். காப்பி எங்க வாங்கணும்?” ஏ.ஆர். என்றால் ஆக்சிடென்ட் ரெஜிஸ்டர், கம்பவுண்டரின் பழைய நோட்டுக்குப் பெரியப்பா மகன். அதில் என்ன எழுதியிருக்கிறதோ அதைப் பிடித்துக்கொண்டுதான் போலீஸ், வக்கீல், இன்சூரன்ஸ் எல்லாம். மணலில் சறுக்கித் தானாக விழுந்தால் எதிர்வண்டிக் காப்பீடு கிடையாது. ஆகவே கள்ளக்குறிச்சியில் இப்போது யாரும் தானாக விழுவதில்லை. எதிரே ஒரு வண்டி வந்தது. எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள். ஹெல்மெட் எங்கே என்றால் அது உடைந்துவிட்டது. தலை உடையவில்லையா என்று கேட்டால், அதான் ஹெல்மெட் போட்டிருந்தேனே என்பார்கள்.

நியாயமாக இதையும் சொல்ல வேண்டும். 2021 டிசம்பரில் வந்த ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில், சாலை விபத்தில் அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் செலவை அரசு ஏற்கிறது. காப்பீட்டு அட்டை இருக்கிறதா, எந்த ஊர், எந்த மாநிலம் என்று பார்ப்பதில்லை. சேலத்துக்கும் உளுந்தூர்பேட்டைக்கும் நடுவே லாரிகள் பறக்கிற எங்கள் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று அந்தச் சாலையில் போய்வந்தவர்களுக்குத் தெரியும். உண்மையில் அடிபட்டவர்களும் அதே வரிசையில்தான் நிற்கிறார்கள், சிராய்ப்புக்காரருக்குப் பின்னால்.

முதல் வரியில் நான் எழுதியதற்கு ஒரு விலக்கு உண்டு, மரச்சிற்பிகள். கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. சாமி வாகனம், கதவு, தேர்ச் சிற்பம் என்று நாள் முழுவதும் உளியும் கையுமாக இருக்கிறவர்கள். இடது கைக் கட்டைவிரலில் வெட்டோடு வந்து, “உளி வழுக்கிடுச்சு” என்பார்கள். அவ்வளவுதான். அவர்களுக்கு மறைக்கவும் ஒன்றுமில்லை, வாங்கவும் ஒன்றுமில்லை. கட்டுப் போட்டதும் போய் அதே சிற்பத்தில் உட்கார்ந்துவிடுவார்கள்.

பொய் சொல்கிற உரிமை நோயாளிகளுக்கு மட்டும்தான் என்றும் நினைக்க வேண்டாம். தமிழ்நாட்டுக் காவல் நிலையக் கழிவறைகளின் தரையைப் பற்றிப் பொதுப்பணித் துறை ஏன் இன்னும் விசாரிக்கவில்லை என்று எனக்குத் தெரியவில்லை. பிடிபட்டவர்கள் எல்லாம் அங்கேதான் வழுக்கி விழுந்து, வலது கையில் மாவுக்கட்டோடு புகைப்படத்தில் நிற்கிறார்கள். மரத்திலிருந்து விழுந்தேன் என்ற அந்த மலைக்காரர் அரசாங்கத்தைவிட நன்றாகவே கதை கட்டினார்.

மலைக்காரர்களின் கதைகளும் ஊர்விட்டு ஊர் போயின. பிழைப்புக்குக் கேரளக் காப்பித் தோட்டத்துக்கும் பெங்களூர் கட்டடங்களுக்கும் போனவர்களோடு, செம்மரம் வெட்ட ஆந்திரக் காட்டுக்கும் ஆட்கள் போனார்கள். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலம் காட்டில் 20 தமிழ்த் தொழிலாளர்கள் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு சில காலம், முதுகில் பிரம்புத் தழும்போடு மலைக்குத் திரும்பியவர்கள் எல்லோரும் பெங்களூரில் சாரத்திலிருந்து விழுந்திருந்தார்கள். மரத்துக்குப் பதில் சாரம்.

சிரிக்க முடியாத ஒரு நாளும் வந்தது. 2024 ஜூன் 18 இரவு, கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் வயிற்றுவலி, வாந்தி, கண் மங்கல் என்று ஒவ்வொருவராக விழத் தொடங்கினார்கள். மெத்தனால் கலந்த சாராயம். மெத்தனால் உடம்புக்குள் போய் ஃபார்மிக் அமிலமாக மாறிக் கண் நரம்பைத் தாக்குகிறது, இரத்தத்தை அமிலமாக்குகிறது. அதைத் தடுக்க ஃபோமெபிசோல் போன்ற மாற்று மருந்து உண்டு, ஆனால் அது நேரத்தோடு ஓடுகிற ஓட்டம். என்ன குடித்தாய் என்ற கேள்விக்கு முதல் நொடியிலேயே உண்மையான பதில் வேண்டும். எந்த ஊரில் அந்தப் பதிலைச் சொல்லப் பயந்தே பழகியிருக்கிறார்களோ அந்த ஊரில் அது நடந்தது. முதலில் இறந்தவர்கள் சாராயத்தால் இறக்கவில்லை என்று மாவட்ட நிர்வாகத்தின் வாயிலிருந்தே வந்தது. சிறுவங்கூரும் போதாமல் சேலம், முண்டியம்பாக்கம், ஜிப்மர் என்று பழைய திசைகளுக்கே வண்டிகள் ஓடின. 60-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து, கல்வராயன் மலைமக்கள் எப்படி வாழ்கிறார்கள் என்று வழக்காக எடுத்து விசாரித்தது. முதல் தடவையாக ஒரு கேள்வி சரியான பக்கம் திரும்பியது.

சென்ற வருஷம் அப்பாவின் பழைய மாணவர் ஒருவரைப் பார்க்க மலைக்குப் போயிருந்தேன். மாணவர் என்றால் அவருக்கே இப்போது பேரன் கல்லூரியில் படிக்கிறான். மரவள்ளிக் கொல்லையில் களை வெட்டும்போது மண்வெட்டி காலில் பட்டுக் கட்டைவிரல் ஓரம் பிளந்திருந்தது. துணியைச் சுற்றிக்கொண்டு சும்மா இருந்தார். வண்டியில் ஏற்றி, மலைமேலே இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போனேன். போகிற வழியெல்லாம், “என்னத்த எழுதுவாங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். மண்வெட்டி பட்டதற்கு என்ன வழக்கு இருக்கிறது என்று நானும் சொல்லிக்கொண்டே வந்தேன்.

உள்ளே சின்ன வயசு சிஸ்டர். பெட்டாடினால் துடைத்தாள். எரியவில்லை, அதுவே அவருக்குச் சந்தேகத்தைக் கிளப்பியது.

“எப்படித் தாத்தா அடிபட்டுச்சு?”

அவர் என்னைப் பார்த்தார். பிறகு, “மம்முட்டி பட்டுடுச்சு தாயி” என்றார். உண்மை. எனக்குப் பெருமையாக இருந்தது.

சிஸ்டர் அதைப் பொருட்படுத்தவே இல்லை. எழுதவும் இல்லை. அவளுக்கு வேண்டியிருந்தது வேறு.

“சுகர் இருக்கா தாத்தா?”

“அதெல்லாம் இல்ல தாயி.”

சாமையும் தினையும் தின்ற மலையில் ரேஷன் அரிசி ஏறி ரொம்ப நாளாகிறது. 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில், பெண்கள் வீட்டுக்கே வந்து சர்க்கரைக்கும் பிரஷருக்கும் மாத்திரை கொடுத்துவிட்டுப் போகிறார்கள். அன்று சின்னக் காயத்தைப் பெரிசாக்கியது தூரம், இன்று அந்த வேலையைச் சர்க்கரை எடுத்துக்கொண்டது. சிஸ்டர் விரல் நுனியில் குத்தி ஒரு சொட்டு எடுத்தாள். சின்னக் கருவி முன்னூறுக்கு மேல் காட்டியது.

“என்ன தாத்தா, இல்லைன்னீங்க? வீட்டுக்கு மாத்திரை கொடுக்க வர்றாங்கள்ல?”

“வருதுங்க. அந்தப் பொண்ணு நல்ல பொண்ணு.”

“மாத்திரைய என்ன பண்றீங்க?”

“பத்திரமா வச்சிருக்கேன் தாயி.”

அவள் ஒரு நீளமான நோட்டை இழுத்து, பெயர், வயது, ஊர் என்று எழுதத் தொடங்கினாள். அவர் பெஞ்சிலிருந்து பாதி எழுந்துவிட்டார்.

“சக்கரைக்குமா போலீசுக்கு எழுதுவீங்க?”

“இல்ல தாத்தா, இது வேற நோட்டு.”

அவர் உட்கார்ந்தார். கட்டுப் போட்ட காலை ஒரு தடவை பார்த்தார், நோட்டை ஒரு தடவை பார்த்தார். பிறகு என் பக்கம் குனிந்து, அவளுக்கும் கேட்கிற குரலில் சொன்னார்: “அப்ப மரத்துலேர்ந்து விழுந்தேன்னே எழுதச் சொல்லு தம்பி. அதுன்னா எனக்குப் பழக்கம்.”